ஒறம்பரை

மைக்கைக் கொடுத்துவிட்டார்கள்.
ஓவர்லாக் மிஷின் இரைச்சலுக்கு மேலே
கத்திப் பழகிய தொண்டை இது,
மெதுவாகப் பேசச் சொன்னால் நடுங்குகிறது.
பொறுத்துக்குங்க.

முதலில், கிஷன்கஞ்சிலிருந்து
மூன்று நாள் ரயிலில்
பாதித் தூரம் நின்றபடியே வந்த
பதினோரு பேருக்கு.
திருப்பூர் டேசனில் இறங்கியதும்
நீங்கள் கேட்ட முதல் கேள்வி
இங்கே ஆறு இருக்கிறதா என்பது.
நொய்யலைக் காட்டினேன்.
அன்றைக்கு அது என்ன நிறத்தில் ஓடியதென்று
யாரும் கேட்காதீர்கள்.
ரௌஷனாராவின் மாமாதான் மெல்லச் சொன்னார்:
எங்கள் மகானந்தா வருஷத்துக்கொரு முறை ஊரைத் தின்னும்,
உங்களுடையது பரவாயில்லை,
சாது.

துளசிமணி அக்காவுக்கு.
செக்கிங் டேபிளில் இவளுக்குத் தமிழ் தந்தவர்.
ஓட்டை, கறை, பிசிறு, அளவு குறை,
இந்த நாலோடு தொடங்கியது இவள் தமிழ்.
என்னைப் பார்த்து முதன்முதலாய்ச் சொன்னதும்
அதிலொன்றுதான்.
பிசிறு.
சட்டைக் கையில் நூல் தொங்கியது,
வேறொன்றுமில்லை.

இந்த ஷெர்வானி கடையில் எடுத்ததல்ல.
நேற்றிரவு ஷிப்மெண்ட் ஏறியபின்
கட்டிங் மாஸ்டர் செபஸ்தியான் வெட்டித் தைத்தது.
அளவெடுக்கவில்லை.
பதினேழு வருஷம் பக்கத்தில் நின்றவனுக்கு
டேப் எதுக்குடா என்றான்.
தோள் கொஞ்சம் இறுக்குகிறது.
அவன் நினைப்பில் நான் இன்னும் ஒல்லி.

அத்தாவுக்கு.
வடக்கத்திப் பொண்ணா என்று ஜமாஅத்தில் இழுத்தவரிடம்,
கிப்லாவே இங்கிருந்து
கொஞ்சம் வடக்கே சாய்ந்துதானுங்க இருக்குது
என்றாராம்.
அதற்குப்பின் டீ வந்துவிட்டது.

பதிவேட்டில் இவள் ஊர்ப்பெயரை
மூன்று தரம் அடித்து எழுதிவிட்டு
பேனாவைப் பெண்கள் பக்கம் அனுப்பிய அசரத்துக்கு.
தமிழிலேயே எழுதியிருக்கிறாள்,
மூன்று புள்ளியும் சரியாக வைத்து.

அம்மாவுக்கு,
நாலு மாதம் என்னோடு பேசாததற்கும் சேர்த்து.
டிபன் பாக்ஸ் மட்டும் நேரத்துக்கு வந்தது,
கோபமெல்லாம் உப்பில் இருந்தது.
பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல்
அனுப்பர்பாளையம் லைன் வீட்டுக்குப் போய்
ஒன்பது பெண்கள் படுக்கும் அறையில்
ளுஹர் தொழ இடம் கேட்டிருக்கிறாய்.
முசல்லா விரித்தவள் யாரென்று அப்போது தெரியாதாம்.
சலாம் கொடுத்துத் திரும்பியபோது தெரிந்ததாம்.
எப்படியென்று நான் இன்னும் கேட்கவில்லை.
கேட்கப் போவதுமில்லை.

நடுராத்திரி கடுகெண்ணெய் டின்னோடு
சமையல்கட்டுக்குள் புகுந்த மாமாவை விரட்டாமல்
இருமிக்கொண்டே ஓர் அடுப்பை விட்டுத்தந்த
பண்டாரி ஜெய்லானி பாய்க்கு.
தால்ச்சா சட்டிப் பக்கம் மட்டும் வந்துடாதே
என்று இவர் தமிழில் சொல்ல,
அவர் தம் பாஷையில்
சரி என்றாராம்,
இல்லை வேறென்னவோ.

அப்புறம், வந்திருக்கிற ஒறம்பரைக்கெல்லாம்

என்று நான் சொன்னதும்
இதுவரை வரிவரியாய் மாற்றிச் சொல்லிவந்த
மச்சினன் தன்வீர் நிறுத்திவிட்டான்.
ஒறம்பரை என்றால்
விருந்தாளியா, சொந்தக்காரரா?
எங்கள் பக்கம் ரெண்டுக்கும் அது ஒன்றுதான் என்றேன்.
ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் மாமா,
எல்லாரும் பார்க்கிறார்கள்.

பந்தியைப் பார்த்தேன்.
தோட்டத்திலிருந்து வேன் நிறைய இளநீரோடு வந்த
நாச்சாத்தாள் அம்மா
என் மாமியாருக்கு
சாப்பிட்ட இலையை எந்தப் பக்கம் மடிப்பதென்று
கையால் காட்டிக்கொண்டிருக்கிறார்.
மாமியார் தலையாட்டிவிட்டுத் தப்பாக மடிக்கிறார்.
அம்மா தன் இலையையும்
அதேபோல் தப்பாக மடிக்கிறார்.

தன்வீர் மைக்கை வாங்கி
ஒறம்பரை என்றே சொன்னான்.
றகரம் கொஞ்சம் நசுங்கியது.

வண்டிக்கு நேரமாச்சென்று யாரும் எந்திரிக்காதீங்க,
ரெண்டாம் பந்தி இருக்குது.
மாமாவின் மீன்தான் முதலில் தீர்ந்ததாம்,
பண்டாரி முகத்தைத் தூக்கிவைத்திருக்கிறார்.
யாராவது போய்
இன்னொரு கரண்டி பிரியாணி கேளுங்கள்.